மீனுக்கும் லீவு வேண்டும்!

குழந்தைகளே!

காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, கோடை லீவு என்று வருடத்தில் உங்களுக்குத்தான் எத்தனை லீவு! கொஞ்சம் பலமாக மழை பெய்தால் போதும், 'இன்றைக்கு ஸ்கூல் உண்டா, இல்லையா?' என்று டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். சரி, ஒரு கேள்வி. மீனுக்கு லீவு உண்டா?

சிரிக்காதீர்கள். உண்டு! உலகத்தில் பல இடங்களில் மீனுக்கு லீவு விடுகிறார்கள். 'இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது' என்று சட்டமே இருக்கிறது. 'ஏரியில்தான் மீன் இருக்கிறதே, பிடித்தால் என்ன குடியா முழுகிவிடும்?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மீனுக்கு லீவு வேண்டும், அதை ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அதற்கு நாம் அமெரிக்காவின் வடக்குப் பக்கம் போக வேண்டும். கனடாவை ஒட்டி மின்னசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஓடும் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் அதைவிட அதிகம். 10 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகள் மட்டுமே 11,842!

இந்த ஏரிகளில் எல்லோரும் தேடிப் போகும் மீனின் பெயர் 'வால்-ஐ'. பெயரில் வால் இருக்கிறதே என்று வாலைப் பார்க்காதீர்கள். கண்ணைப் பாருங்கள்! ஆங்கிலத்தில் 'ஐ' என்றால் கண். பூனையின் கண் இருட்டில் பளபளக்கும் அல்லவா, அதேபோல இந்த மீனின் கண்ணும் பளபளக்கும். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதே காரணம். அதனால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்கு நன்றாகக் கண் தெரியும். மின்னசோட்டாவின் மாநில மீனே இதுதான். 1965-ல் அந்தப் பெருமையைக் கொடுத்தார்கள்.

ஏரியே ஒரு காலண்டர்

அந்த ஊர்க் குளிர் சாதாரணக் குளிர் அல்ல. ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி செல்சியஸ்கூடப் போகும். நவம்பர், டிசம்பரில் ஏரிகள் உறைய ஆரம்பிக்கும். 'அப்படியானால் மீன்களும் சேர்ந்து உறைந்து போகுமே?' என்று கவலைப்படுகிறீர்களா? அங்கேதான் தண்ணீர் ஒரு வேடிக்கை செய்கிறது.

பெரும்பாலான பொருட்கள் குளிரக் குளிர அடர்த்தியாகும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் 4 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி அடர்த்தி குறைந்து மேலே வந்துவிடும். ஐஸ் அதைவிடவும் லேசு. டம்ளரில் ஐஸ்கட்டி மிதப்பதைப் பார்த்திருக்கிறீர்களே! ஆகவே ஏரியின் மேல்புறம்தான் உறைகிறது. அடியில் சுமார் 4 டிகிரியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. ஐஸ் என்னும் கூரைக்குக் கீழே மீன்கள் மெதுவாக நீந்திக்கொண்டு, குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு, குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

ஆனால் அதற்கும் ஆபத்து உண்டு. ஐஸ் மீது பனி கனமாக மூடிவிட்டால் உள்ளே வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் நீர்ச்செடிகள் ஆக்சிஜனைத் தராது. மேலே மூடி போட்டது மாதிரி ஐஸ் இருப்பதால் காற்றிலிருந்தும் ஆக்சிஜன் கலக்க முடியாது. ஆழமில்லாத ஏரிகளில் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துப்போவதும் உண்டு.

வசந்த காலம் வந்ததும் ஐஸ் உருகும். தெற்கே மார்ச் கடைசியிலும், வடக்கே ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்திலும் ஏரி திறக்கும். மேல் தண்ணீரும் 4 டிகிரிக்கு வரும்போது மேலும் கீழும் ஒரே வெப்பநிலை. காற்று அடித்தால் போதும், முழு ஏரியும் கலக்கிவிட்ட மோர் மாதிரி புரளும். மேலே இருக்கும் ஆக்சிஜன் அடிவரை போகும். ஏரி ஒரு பெரிய மூச்சு இழுத்து விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

வால்-ஐ மீன் முட்டையிடுவது இந்தச் சமயத்தில்தான். ஆழத்திலிருந்து கிளம்பி, கூழாங்கல் நிறைந்த ஆழமில்லாத கரைகளுக்கும், ஏரியில் வந்து சேரும் ஆறுகளுக்கும் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு பெரிய தாய் மீன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான முட்டைகளை இடும். கூடு கட்டாது, காவலும் இருக்காது. கல் இடுக்குகளில் தூவிவிட்டுப் போய்விடும். அவற்றில் பிழைத்துப் பெரிதாவது மிக மிகக் கொஞ்சம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எல்லா மீனும் கரையோரம், அதுவும் ஒரே இடத்தில் கூட்டமாக! பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான நேரம் உண்டா? இல்லை. அதனால்தான் பிடிக்கக் கூடாது! சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு தாய் மீனைப் பிடித்தால், கூடவே லட்சம் முட்டைகளும் போச்சு.

இதனால்தான் பெரும்பாலான ஏரிகளில் பிப்ரவரிக் கடைசியில் வால்-ஐ பிடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமைதான் மறுபடி திறக்கிறார்கள். அந்த நாளை அந்த மாநிலமே திருவிழா மாதிரி கொண்டாடும். தாத்தா, அப்பா, பேரன், பேத்தி என்று குடும்பத்தோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தினம் தினம் தீபாவளி வந்தால் தீபாவளிக்கு என்ன மதிப்பு? காத்திருந்ததால்தானே அது திருவிழா!

ஏரி காலியான கதை

'லட்சம் முட்டை இடும் மீன் எப்படி ஐயா தீர்ந்துபோகும்?' என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு ரெட் லேக் கதையைச் சொல்லுங்கள்.

மின்னசோட்டாவுக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் மிகப் பெரியது ரெட் லேக். செந்நிற ஏரி என்று அர்த்தம். மேல் ஏரி, கீழ் ஏரி என்று இரண்டு பகுதிகள். கீழ் ஏரி முழுவதும், மேல் ஏரியில் பெரும் பகுதியும் ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்களின் ரெட் லேக் பிரிவினருக்குச் சொந்தம். மீதி, மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது.

முதல் உலகப் போர் நடந்த காலத்தில், 1917-ல், உணவுத் தேவைக்காக இங்கே வியாபாரத்துக்கு மீன் பிடிக்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்தது, மீன்பிடிப்பு முடியவில்லை. பல ஆண்டுகள் வலையும் தூண்டிலும் அள்ளிக்கொண்டே இருந்தன. 1990-களின் நடுவில் பார்த்தால், வால்-ஐ ஏறக்குறைய காலி! முட்டையிடப் போதுமான பெரிய மீன்களே இல்லை.

என்ன செய்வது? ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். 'நீ நிறுத்து, அப்புறம் நான் நிறுத்துகிறேன்' என்று சண்டை போட்டிருக்கலாம். வகுப்பில் நாம் செய்வது அதுதானே! ஆனால் பழங்குடி மக்கள் 1997-ல் வியாபார மீன்பிடிப்பைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். அது அவர்களின் பிழைப்பு என்பதை மறக்காதீர்கள். 1999-ல் மாநில அரசும் தன் பகுதியில் வால்-ஐ பிடிக்கத் தடை போட்டது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்டன.

1999, 2001, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோடிக்கணக்கான மீன் குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். பிறகு? காத்திருந்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. 2006 மே மாதம் வரை காத்திருந்தார்கள்! ஏரி நிரம்பியது. திறந்த பிறகும் பழைய மாதிரி அள்ளவில்லை. தூண்டில் போடுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மீன்தான் என்று அளவு வைத்தார்கள். ஏரியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று ஆய்வு செய்து, அதற்கேற்பத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

குஞ்சுகளை விட்டதால்தானே ஏரி பிழைத்தது, லீவினால் அல்லவே என்று உங்களில் ஒரு புத்திசாலி கேட்கக்கூடும். நல்ல கேள்வி! ஆனால் விட்ட குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். குஞ்சு விடுவது பாதி வேலை. பிடிக்காமல் இருப்பது மீதிப் பாதி.

இன்னொரு கேள்வியும் வரும். 'மீன் பிடித்துத்தானே சாப்பிடுகிறார்கள்? லீவு விட்டால் அவர்கள் வயிற்றுக்கு என்ன வழி?' இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. லீவின் கஷ்டம் முழுவதையும் மீனவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமே இல்லை. நம் தமிழகக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. மீன் பெருகினால் சாப்பிடும் நமக்கும்தானே லாபம்? அப்படியானால் காத்திருக்கும் கஷ்டத்திலும் நமக்குப் பங்கு இருக்க வேண்டும். தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முணுமுணுக்காமல் இருப்பதுகூட ஒரு பங்குதான்!

ஐஸ் சொல்வதையும் கேள்

காத்திருப்பது மீனுக்காக மட்டுமல்ல, மனிதனுக்காகவும்தான். குளிர்காலத்தில் இந்த ஏரிகளின் மீது நடந்துபோய், ஐஸில் ஓட்டை போட்டு, அதற்குள் தூண்டிலை இறக்குவார்கள். குளிருக்கு அடக்கமாக ஐஸ் மீதே குட்டி வீடு வைத்துக்கொள்வதும் உண்டு! ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது. புதிதாக உறைந்த தெளிவான ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் நடக்கலாம். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம். சின்னக் காருக்கு 9 முதல் 10 அங்குலம். வெள்ளையாக இருக்கும் ஐஸ் என்றால் இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்த மாநில இயற்கை வளத் துறை சொல்வது என்ன தெரியுமா? 'நூறு சதவீதம் பத்திரமான ஐஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது.'

முன்பெல்லாம், இந்த மாதம் வந்தால் ஏரி கெட்டியாகிவிடும் என்று ஓரளவு நம்பலாம். இப்போது பூமி சூடாகிக்கொண்டே போகிறது. கடந்த 50 ஆண்டுகளில் மின்னசோட்டா ஏரிகளில் ஐஸ் இருக்கும் காலம் சராசரியாக 10 முதல் 14 நாள் வரை குறைந்துவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அதே ரெட் லேக்கின் மேல் ஏரியில் ஐஸ் உடைந்து கரையை விட்டு விலகிப் போனது. அதன் மீது நூற்றுக்கும் அதிகமானவர்கள் மாட்டிக்கொண்டார்கள்! நல்லவேளை, காப்பாற்றிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பிரெய்னர்டு நகருக்கு அருகே நடக்கவிருந்த புகழ்பெற்ற ஐஸ் மீன்பிடிப் போட்டியையும், ஐஸ் சரியில்லை என்று 2024-ல் ரத்து செய்தார்கள்.

போட்டியை ரத்து செய்தபோது பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். காலண்டரில் தேதி வந்துவிட்டது என்பதற்காக ஐஸ் கெட்டியாகிவிடாது. போன வருடம் நடந்தோம் என்பதற்காக இந்த வருடமும் அது தாங்காது. நாம்தான் ஏரியைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். ஏரி நம்மைப் பார்த்து நடக்காது!

குழந்தைகளே, 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ரெட் லேக் மக்கள் பொறுத்தார்கள். அவர்களுக்கு ஏரி திரும்பக் கிடைத்தது. 1999-ல் பிறந்த ஒரு குழந்தை, தன் ஏரியின் வால்-ஐ மீனைத் தூண்டிலில் பார்க்க ஏழு வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் அன்றைக்குப் பொறுக்கவில்லை என்றால், அந்தக் குழந்தை எழுபது வயதிலும் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது, 'மீன்பிடித் தடையாம், தடை! யாருக்கு என்ன லாபம்?' என்று அலுத்துக்கொண்டால், பேசாமல் இருக்காதீர்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எனக்குப் பரீட்சை முடிந்தால் லீவு விடுகிறீர்களே, லட்சம் முட்டை இடும் அம்மா மீனுக்கு விடக் கூடாதா?'

பதில் சொல்ல முடியாமல் அவர்கள் சிரித்துவிட்டால், உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்!