மலையில் மாட்டிக்கொண்டால் யாருக்கு தெரியும்? மீனவருக்கு உள்ள சாட்டிலைட் கருவி மலையேறுபவருக்கு வருமா?

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தில் குழந்தை தொலைந்தால் உடனே கண்டுபிடிக்க, பெற்றோரின் செல்போன் நம்பர் எழுதிய பட்டையை குழந்தைகளின் கையில் போலீசார் கட்டி விடுகிறார்கள். கண்காணிப்பு கேமராக்களும் உண்டு.

அதே தி.நகரில் ஷூ, பேக் வாங்கிக்கொண்டு லீவு நாளில் மலையேற கிளம்பும் இளைஞர்கள் ஏராளம். ஏலகிரி, கொல்லிமலை, வெள்ளியங்கிரி என்று வேன் பிடித்து போகிறார்கள். அங்கே காட்டுக்குள் ஒருவர் தொலைந்தால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

குரங்கணி தந்த பாடம்

2018–ம் ஆண்டு மார்ச் 11–ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி காட்டில் தீ பிடித்தது. கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்ற குழுவினர் அதில் சிக்கினார்கள். 20–க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் சென்னையில் இருந்து போன இளம்பெண்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. கரடுமுரடான மலை, இருட்டு. மீட்க போனவர்களும் திணறிப்போனார்கள்.

கையில் கருவி இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காற்றோடு வந்த தீ அவ்வளவு வேகம். ஆனால் யார் எந்த இடத்தில் கிடக்கிறார்கள் என்று தெரிந்தால், தேடும் நேரம் மிச்சமாகும். காயம்பட்டவருக்கு அந்த நேரம்தான் உயிர்.

செல்போனில் ஜி.பி.எஸ். இருக்கே?

பலரும் கேட்பது இதைத்தான். ஜி.பி.எஸ். என்பது ரேடியோ பெட்டி மாதிரி. சாட்டிலைட் அனுப்பும் சிக்னலை அது வாங்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கு காட்டும். ஆனால் ஊருக்கு சொல்லாது. வீட்டுக்கு தகவல் போக வேண்டுமானால் செல்போன் டவர் வேண்டும். மலைக்கு பின்பக்கம் டவர் ஏது?

சாட்டிலைட் டிராக்கர் வேறு ரகம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். டவர் இல்லாத இடத்திலும் ஆபத்து பட்டனை அழுத்தினால், இருக்கும் இடம் நேராக சாட்டிலைட் வழியாக மீட்பு மையத்துக்கு போய்விடும். அதற்கும் வானம் தெரிய வேண்டும். அடர்ந்த மரத்துக்கு கீழே, பள்ளத்தாக்குக்குள் தகவல் தாமதமாகும்.

மச்சான் வாங்கி வரலாமா?

‘சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரட்டும்’ என்று நினைத்தால் வம்பு. தொலைத்தொடர்பு துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட்டில் தகவல் அனுப்பும் கருவியோ வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இப்படி ஒரு டிராக்கருடன் வந்த கனடா நாட்டு பெண் மீது வழக்கு போடப்பட்டது. அவர் வைத்திருந்தது மலையேறுபவர்கள் பாதுகாப்புக்கு கொண்டுபோகும் கருவி.

கட்டுப்பாட்டுக்கு காரணம் இருக்கிறது. 2008–ல் மும்பையை தாக்கிய தீவிரவாதிகள் சாட்டிலைட் போனில் பேசினார்கள். நாட்டின் பாதுகாப்பு முக்கியம்தான். அதற்காக மலையேறுபவர் உயிரை அப்படியே விட்டுவிடலாமா?

கடலில் வழி கிடைத்ததே!

கடலில் இதற்கு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. மீனவர்கள் ஆபத்தில் தகவல் அனுப்ப ‘இஸ்ரோ’ தனி கருவி செய்து கொடுத்திருக்கிறது. 2024–ல் வந்த அதன் புது மாடலில், ‘உங்கள் தகவல் கிடைத்தது’ என்று கரையில் இருந்து பதிலும் வரும். 2017–ல் ஒகி புயலில் குமரி மீனவர்கள் பட்ட பாட்டை யாரும் மறக்க முடியாது. ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

யார் கையில் எந்த கருவி என்பது அரசு பதிவில் இருக்கும். அதனால் பாதுகாப்புக்கும் பங்கம் இல்லை. இதே வழியை மலைக்கும் கொண்டு வரலாம்.

அதற்கு அடித்தளம் தயாராகவே இருக்கிறது. குரங்கணிக்கு பிறகு மலையேற்றத்துக்கு தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஆளுக்கு ஒரு கருவி தேவையே இல்லை. குழுவுக்கு ஒன்று, அதுவும் பதிவு செய்த வழிகாட்டி கையில் இருந்தால் போதும்.

அதுவரை என்ன செய்வது?

* அனுமதி உள்ள பாதையில், வழிகாட்டியோடு மட்டும் போங்கள். காட்டுத்தீ காலத்தில் போகவே வேண்டாம்.
* எந்த மலை, எந்த பாதை, எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று வீட்டில் எழுதி கொடுங்கள். நேரம் தாண்டினால் 112–க்கு தகவல் சொல்ல சொல்லுங்கள்.
* மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். பவர் பேங்க், டார்ச், விசில் கட்டாயம்.
* உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் 112–ஐ அழுத்தி பாருங்கள். வேறு கம்பெனி டவர் இருந்தால் அதில் போகும்.

ரங்கநாதன் தெருவில் பிள்ளையின் கையில் கட்டும் பட்டைக்கு செலவு சில ரூபாய்தான். ‘தொலைந்தால் தேட ஆள் இருக்கிறது’ என்ற தைரியத்தை அது பெற்றோருக்கு தருகிறது. மலைக்கு பிள்ளையை அனுப்பிவிட்டு விடிய விடிய போனை பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் அந்த தைரியம் வேண்டும். இன்னொரு குரங்கணி நடந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.