நிறுத்தும் கை

உடலுக்கும் உள்ளத்திற்கும் ஒருங்கே மிகுந்த சோதனை தரும் விளையாட்டு எது என்னும் வினா, மாணவரிடையே பட்டிமன்றப் பொருளாக அடிக்கடி எழுவதுண்டு. ஓரணியினர் குத்துச்சண்டை என்பர். மற்றோர் அணியினர் மராத்தான் ஓட்டம் என்பர். கபடியை நினைவூட்டும் குரலும் கேட்கும். பாடிச் செல்பவன் மூச்சைக் காத்துக்கொண்டே எதிரணியினர் எழுவரையும் கணிக்க வேண்டியிருத்தலின், அக்குரல் புறக்கணிக்கத் தக்கதன்று. உட்கார்ந்த இடத்திலேயே ஆடும் சதுரங்கத்தை எவரேனும் முன்மொழிந்தால் மட்டும் அவையில் நகையொலி எழும்.

இதயத் துடிப்பையும் தசை வலிமையையும் அளந்து விடை காண்பது ஒரு வழி. எனக்கு வேறோர் அளவுகோலே பொருத்தமாகப் படுகிறது. ஆடுபவன் தானாக நிறுத்த இயலாத எல்லைக்குச் சென்றுவிட, பிறர் கை நீட்டி நிறுத்த வேண்டிய நிலை எதில் நேர்கின்றதோ, அதுவே கடினமான விளையாட்டு.

நகைப்புக்குள்ளான சதுரங்கத்தையே முதலில் கொள்வோம். 1984 செப்டம்பரில், மாஸ்கோவில், அனத்தோலி கார்ப்போவும் காரி காஸ்பரோவும் உலகப் பட்டத்திற்காக அமர்ந்தனர். முதலில் 6 வெற்றி பெறுபவர்க்கே பட்டம். ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 27 ஆட்டங்கள் முடிந்தபோது கார்ப்போவ் 5 வெற்றிகள் பெற்றிருந்தார், காஸ்பரோவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆறாவது வெற்றி வரவேயில்லை. திங்கள்கள் கடந்தன. மொத்தம் 40 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. இயல்பிலேயே மெலிந்தவரான கார்ப்போவ் ஏறத்தாழ 10 கிலோ எடை இழந்தார் எனப் பேசப்பட்டது. 47, 48ஆம் ஆட்டங்களைக் காஸ்பரோவ் அடுத்தடுத்து வென்றார். 1985 பிப்ரவரி 15 அன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் கம்போமனெஸ், ஆட்டக்காரர்களின் களைப்பைக் காரணங்காட்டிப் போட்டியை முடிவின்றி நிறுத்தினார். 21 வயதுக் காஸ்பரோவ் அதனை ஏற்கவில்லை. நிறுத்தியது முறைதானா என்பது தனி வழக்கு. அதே ஆண்டில் புதிதாகத் தொடங்கிய போட்டிக்கு 24 ஆட்டங்கள் என வரம்பு கட்டினார்கள் என்பதே நமக்கு வேண்டுவது.

இனிக் குத்துச்சண்டை. 1975 அக்டோபர் 1 அன்று, மணிலாவை அடுத்த கெசோன் நகரில், கடும் புழுக்கத்தில், முகம்மது அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினர். சுற்றுக்கு 3 நிமிடம். இடையே 1 நிமிட ஓய்வு. மொத்தம் 15 சுற்றுகள். 14 சுற்றுகள் முடிந்தபோது ஃபிரேசியரின் வலக்கண் வீங்கி மூடியிருந்தது. இடக்கண்ணிலோ முன்னமே பார்வைக் குறை. எஞ்சியது ஒரே சுற்று. ஆடியே தீர்வேன் என்றார் அவர். அவருடைய பயிற்றுநர் எடி ஃபட்ச் இணங்கவில்லை. நடுவரிடம் சொல்லிப் போட்டியை முடித்தார். வென்ற அலியும், சாவை மிக அணுகிச் சென்ற நேரம் அது என்ற பொருள்படவே பின்னர்ப் பேசினார்.

ஃபட்ச் கோழை என்று அன்று சொன்னவர்கள் இருந்திருக்கக் கூடும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில், கொரிய வீரர் டக் கூ கிம் அதே 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாள்களில் உயிர் நீத்தார். அதன் பின்னரே 15 சுற்றுகள் 12 ஆகக் குறைக்கப்படலாயின.

மராத்தானில் நிறுத்தாமல் விட்டதும் ஓர் அறிவுதான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றில் உடல் கோணித் தள்ளாடினார். எவரேனும் தொட்டால் தகுதியிழப்பு. அருகே சென்ற மருத்துவர்கள் அவர் உடலில் வியர்வை இருக்கக் கண்டனர். வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் இன்னும் அழியவில்லை என உணர்ந்து விலகி நின்றனர். அவர் 37ஆம் இடத்தில் ஓடி முடித்தார்.

என் தீர்ப்பைக் கேட்டால் முதலிடம் குத்துச்சண்டைக்கே. பிற விளையாட்டுகளில் மூளையின் களைப்பு, ஆட்டத்தின் விளைவாக வருவது. இங்கோ முடிவெடுக்கும் அந்த உறுப்பே தாக்குதலுக்குரிய இலக்கு. எனவே, போதும் என்று சொல்லும் தகுதியை முதலில் இழப்பவன் ஆடுபவனே.

நம் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் அந்தத் தகுதி யாரிடம் இருக்கிறது? கணுக்கால் வீங்கிய மாணவனை, கோப்பைக்கு இன்னும் ஓர் ஆட்டமே என்று கட்டுப்போட்டுக் களத்திற்கு அனுப்பும் வழக்கத்தை ஆசிரியர்கள் அறிவோம், கைதட்டியும் இருக்கிறோம். எல்லாப் பயிற்றுநரும் ஃபட்ச் அல்லர். ஆகவே அணிப் பட்டியலில் வீரர் பெயர்களின் கீழே, நிறுத்தும் உரிமை பெற்ற ஒருவரின் பெயரும் எழுதப்படுதல் வேண்டும். மருத்துவராயின் நன்று, அணியின் வெற்றியால் பயனேதும் பெறாதவராயின் இன்னும் நன்று.