கூடுதலும் ஒன்றாதலும்

ஆங்கிலம் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் தன் குறிப்பேட்டை நம்மிடம் காட்டினாள். 'ஒன்றுகூடுதல்' என்னும் தலைப்பின்கீழ் கேதர், அசெம்பிள், மெர்ஜ், யுனைட், காங்கிரிகேட் எனச் சொற்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "எல்லாவற்றிற்கும் பொருள் ஒன்றுதானே? பிறகு எதற்கு இத்தனை சொற்கள்?" என்று வினவினாள். சிறுமியின் வினாவாயினும், நம் குடும்பங்களும் பங்குகளும் சிந்திக்க வேண்டிய செய்தி அதில் அடங்கியுள்ளது.

இச்சொற்கள் உறவினர்களே, ஆயினும் ஒருவரல்லர். சிதறிக் கிடப்பவை ஓரிடத்தில் சேர்வது 'கேதர்'. உதிர்ந்த மலர்களைச் சேர்க்கிறோம். சாலை விபத்தை வேடிக்கை பார்க்கவும் கூட்டம் சேருகிறது. மிதிவண்டியின் உறுப்புகளை உரிய இடங்களில் பொருத்துவது 'அசெம்பிள்'. இங்கே ஒழுங்கு உண்டு. மூழ்குதலைக் குறிக்கும் இலத்தீன் வேரினின்று பிறந்தது 'மெர்ஜ்'. பெரியதில் சிறியது கரைந்து தன் பெயரையே இழக்கலாம். 'ஒன்று' என்னும் எண்ணே 'யுனைட்' என்பதன் வேர். பலர் பலராகவே இருந்து அன்பினால் ஒன்றாதலுக்கு இச்சொல்லே பொருந்தும். கிறிஸ்தவத் திருமணம் இத்தகையது. புகுந்த வீட்டில் மருமகள் தன் விருப்பு, கருத்து அனைத்தையும் மூழ்கடித்துவிட வேண்டுமென எதிர்பார்ப்போர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பார்களாக.

திருச்சபை கையாளும் சொற்கள் இன்னும் ஆழமானவை. 'சினட்' என்னும் கிரேக்கச் சொல், சேர்ந்து வழி நடப்பதைச் சுட்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடங்கி 2024 அக்டோபரில் நிறைவுசெய்த மாமன்றம் இப்பொருளையே உலகத் திருச்சபைக்கு நினைவூட்டியது. 'கான்கிளேவ்' என்பதில் ஒளிந்திருப்பது திறவுகோல். 2025 மே மாதம் 133 கர்தினால்மார் சிஸ்டைன் சிற்றாலயத்தின் பூட்டிய கதவுகளுக்குள் கூடி, இரண்டாம் நாளிலேயே திருத்தந்தை பதினான்காம் லியோவைத் தேர்ந்தனர்.

ஞாயிறுதோறும் நாம் கூடும் கூட்டத்திற்குப் பெயர் 'காங்கிரிகேஷன்'. இலத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. ஒரே ஆயனின் மந்தையாய்ச் சேர்வதே அதன் பொருள். வியப்பு யாதெனில், 'செக்ரிகேஷன்' என்னும் சொல்லும் அதே வேரினின்றே முளைத்தது. மந்தையினின்று பிரித்து ஒதுக்குவது என்பது அதன் பொருள். சேர்த்தலும் விலக்கலும் ஒரே வேரில்!

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி வாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை ஒரே பீடத்தை நோக்கி, ஒரே செபத்தைச் சொல்லி, மக்கள் பிரிந்தே நின்றனர். கற்சுவர் வீழ்ந்தது. பெண் கொடுக்கும்போதும், திருவிழாச் சப்பரம் எத்தெருவில் செல்வது என முடிவு செய்யும்போதும், கல்லறையில் இடம் ஒதுக்கும்போதும் எழும் சுவர் வீழ்ந்துவிட்டதா? நம் நெஞ்சையே கேட்போம்.

"பூசை கண்டு வந்தேன்" என்பது நம் முன்னோர் வழக்கு. ஆனால் இறைமக்கள் வாய்பேசாப் பார்வையாளராய் இருத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய ஏட்டில் வலியுறுத்தியது. நம் தமிழும் இதற்குத் துணை நிற்கிறது. 'பங்கு' என்றால் உரிமைப் பகுதி, அனைவருக்கும் உரியது. பங்கு மக்களாகிய நாம், வரப்புக்கும் சுவருக்கும் வழக்காடும் பங்காளிகளாகிவிடலாகாது.

இறுதியாக ஒரு சொல்: 'கம்பானியன்'. தோழரைக் குறிக்கும் இதன் பழம்பொருள், உடன் அப்பம் உண்பவர் என்பதே. ஒரே அப்பத்தில் பங்குகொண்ட பின், ஆலய வாயிலில் ஒருவரையொருவர் அறியாதார்போல் கலைந்து செல்வது தகுமா? ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலையில் உண்டு உறங்குவதும் தகுமா?

மாணவிக்கு நாம் அளித்த விடை இதுவே: "மகளே, கூடுவதற்குக் கால்கள் போதும், ஒன்றாவதற்கு இதயம் வேண்டும். அதனால்தான் இத்தனை சொற்கள்."

வரும் ஞாயிறன்று, நம் அருகில் முழந்தாளிட்டிருப்பவரின் பெயரையும் நலத்தையும் கேட்டறிவோம். அன்றிரவு, குடும்பமாய்ச் செபித்து, ஒருசேர அமர்ந்து உண்போம். கூட்டம் மந்தையாவது அங்கேதான் தொடங்கும்.