சூரியன் மீது பழி போடாதீர்கள்

2025 நவம்பர் 28-ஆம் தேதி ஏர்பஸ் நிறுவனம் விடுத்த எச்சரிக்கையால் உலகெங்கும் சுமார் 6,000 ஏ320 ரக விமானங்கள் மறுபடி பறப்பதற்கு முன் சரிசெய்யப்பட வேண்டிய நிலை வந்தது. தீவிரச் சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுக்குத் தேவையான தரவுகளைச் சிதைக்கக்கூடும் என்றது அந்த அறிவிப்பு. உடனே ‘சூரியப் புயல் விமானங்களை முடக்கிவிட்டது’ என்ற பேச்சு பரவியது. இயற்கை செய்த வேலைக்கு யாரைக் கேட்பது என்று பலரும் அத்தோடு விட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சில் உள்ள வாதங்கள் எதுவும் நிற்காது.

முதல் வாதம்: சூரியப் புயல்தான் காரணம்.

இதற்கெல்லாம் தொடக்கம் அக்டோபர் 30 அன்று நடந்த சம்பவம். மெக்சிகோவின் கான்கூனிலிருந்து அமெரிக்காவின் நூவர்க் நோக்கிப் பறந்த, ஜெட்புளூ நிறுவனத்தின் ஏ320 விமானம் ஒன்றின் மூக்கு, விமானிகள் எதுவும் செய்யாமலே கீழ்நோக்கிச் சாய்ந்தது. விமானம் டாம்பாவில் இறக்கப்பட்டது. குறைந்தது 15 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆனால் அன்று சூரியனில் குறிப்பிடத்தக்க சீற்றம் எதுவும் இல்லை என்று விண்வெளி வானிலை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சூரியன் அமைதியாக இருக்கும் நாளிலும் விண்மீன் மண்டலத்தின் தொலைவிலிருந்து காஸ்மிக் கதிர்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவை வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. விமானங்கள் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின் அடர்த்தி தரையில் இருப்பதைப் போலப் பல நூறு மடங்கு. அதில் ஒன்று கணினிச் சில்லுக்குள் குறிப்பிட்ட இடத்தில் மோதினால், அங்கே பதிந்திருக்கும் 0 என்பது 1 ஆகிவிடும். இதற்குப் புயல் வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம்: யாரும் எதிர்பார்க்காத ஆபத்து இது.

இந்த ஆபத்து புதிதல்ல. பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் 2003 மே மாதத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத எண்ணிக்கையில் விருப்ப வாக்குகள் பதிவாகியிருந்தன. மறுபடி எண்ணியபோது மிகுதியாக இருந்தவை சரியாக 4,096. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. அதாவது, கணினி நினைவகத்தில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டிருக்கிறது. காஸ்மிக் கதிர் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவான்டாஸ் ஏ330 விமானம் நடுவானில் இருமுறை திடீரெனக் கீழ்நோக்கிப் பாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தபோதும், ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் இந்தச் சாத்தியத்தை ஆராய்ந்தார்கள். உறுதிசெய்யப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆக, விமானக் கணினி வடிவமைப்பவர்கள் இந்த ஆபத்தைப் பல பத்தாண்டுகளாக அறிவார்கள். பிழை திருத்தும் நினைவகம், ஒன்றையொன்று சரிபார்க்கும் இரட்டைக் கணினிகள் ஆகிய ஏற்பாடுகள் இதற்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது வாதம்: இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் எழுந்த இடம் ஈலாக் என்ற கணினி. ஏ320-இல் இப்படி இரண்டு உண்டு. வாலில் உள்ள எலிவேட்டரையும் இறக்கைகளில் உள்ள எய்லிரானையும் இயக்குவது இதன் வேலை. அதில் எல்104 என்ற புதிய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்த விமானங்கள்தான் பாதிப்புக்குள்ளானவை. பெரும்பாலானவற்றில் பழைய பதிப்புக்குத் திரும்பியதே தீர்வாக அமைந்தது. ஒரு விமானத்துக்குச் சுமார் இரண்டு, மூன்று மணி நேர வேலை. வானமும் கதிர்களும் அப்படியேதான் இருந்தன. ஓடு மாற்றிய பிறகு வீடு ஒழுகினால் மழையையா திட்டுவோம்? ஓட்டையும், மாற்றியவரையும், பார்த்துச் சரி என்றவரையும்தான் கேட்போம். புதிய பதிப்பைச் சோதித்தவர்களும் அதற்குச் சான்று அளித்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

நான்காவது வாதம்: சின்ன விஷயத்துக்கு இத்தனை அமர்க்களம் தேவையில்லை.

அந்த ஜெட்புளூ விமானத்தில் தானியங்கி விமானி முறை கடைசிவரை இயங்கியது, உயர இழப்பும் குறைவுதான் என்பது உண்மையே. ஆனால் மோசமான சூழலில் விமானத்தின் கட்டமைப்பு தாங்கக்கூடிய அளவை மீறும் இயக்கம் நேரலாம் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை தன் அவசர உத்தரவில் எழுதியது. அந்த நிலையில் பயணிகளை ஏற்றிப் பறக்கவிடுவதுதான் குற்றமாகியிருக்கும். கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் விமானங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பாதிக்கப்பட்டன. அந்த நிறுவனம் டிக்கெட் விற்பனையைச் சில நாட்கள் நிறுத்தியது. இந்தியாவில் இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்றிலும் சேர்த்து 338 விமானங்கள் பாதிக்கப்பட்டன. டிசம்பர் 1-க்குள் உலகளவில் சரிசெய்யப்படாமல் மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. பயணம் தாமதமானவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் விமானங்களை நிறுத்தும்படி உத்தரவிட்டவர்கள் மீது திரும்பக் கூடாது.

சூரியன் மீது பழி போட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். பாதுகாப்பாக இயங்கிய ஒரு மென்பொருளின் இடத்தில் பலவீனமான பதிப்பு எப்படி வந்தது, எந்தச் சோதனை அதைப் பிடிக்கத் தவறியது என்பதை ஏர்பஸ் நிறுவனமும் ஐரோப்பிய முகமையும் பொதுவில் வெளியிட வேண்டும். புதிய பதிப்பு ஒவ்வொன்றும், எவ்வளவு சிறிய மாற்றமானாலும், பிட் புரளும் சூழலில் சோதிக்கப்பட்ட பிறகே விமானத்தில் ஏற வேண்டும். டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு.