ஐ.என்.ஆர். கணக்கு

பி.காம். படித்தவனுக்கு ஐ.என்.ஆர். என்றால் இந்திய ரூபாய். என் மனைவிக்கு அது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தாயிற்று. இனி அந்த எண் 2.5க்கும் 3.5க்கும் நடுவே நிற்கணும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும். ஏறினால் எங்கேயாவது கசியும். வார்ஃபரின் மாத்திரையின் வேலை அது. கீரையிலுள்ள வைட்டமின் கே அதற்கு ஜென்மப் பகை.

"அப்ப கீரையே வேண்டாமே?"

"அடியோட நிறுத்தாதீங்க சார். வாராவாரம் ஒரே அளவு" என்றார் டாக்டர். முருங்கைக்கீரைக்கு பட்ஜெட் போடுகிறேன், ஸ்வாமி!

காலையில் அவள் பல் தேய்த்ததும் வாஷ்பேசினை எட்டிப் பார்ப்பேன். நுரை வெள்ளையாக இருந்தால்தான் எனக்குக் காபி இறங்கும்.

நேற்று இடுப்பு வலி என்றாள். கண்ட வலி மாத்திரை சேர்ந்தால் கசிவு கூடுமே! டப்பாவைப் பிடுங்கிக் கொண்டேன்.

"வெந்நீர் ஒத்தடமாவது உண்டா? இல்லே, அதுக்கும் வவுச்சர் எழுதணுமா?" என்றாள்.