அடுப்படியிலும் உண்டு பரக்கத்



சென்ற மாதம் இப்பகுதியில் தண்ணீர்ச் சிக்கனம் குறித்து எழுதியிருந்தேன். அதனைப் படித்த எங்கள் அனந்தபுரத்துச் சகோதரி ஒருவர், மகன் மூலம் சொல்லியனுப்பினார்: "ஹஜ்ரத் தண்ணியைப் பத்தி எழுதினாங்க. நெருப்பைப் பத்தியும் எழுதச் சொல்லு." அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதையே இருந்தது. அவருடைய அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் ஈண்டு எழுதுகிறேன்.

கணவர் காலமாகி நான்காண்டுகள் ஆகின்றன. வைகறையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் விற்றுத்தான் அச்சகோதரி வீட்டை நடத்துகிறார். மகள் திண்டிவனத்தில் கல்லூரி மாணவி. இளைய மகன் எங்கள் மக்தபில் ஓதுகிறான். வீட்டு உபயோகத்துக்கென்று தரப்படும் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். எத்தனையோ பேர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அச்சகோதரியோ, "அது அமானிதம்" என்று சொல்லி, விறகிலேயே சமைத்து வந்தார். புகையில் கண் எரிச்சலும் இருமலும் தொடர்ந்தன. இறுதியில் சீட்டெடுத்த பணத்தில் ஒரு பெல்லட் அடுப்பு வாங்கினார்.

பெல்லட் என்பது வேறொன்றுமில்லை. மரத்தூள், கரும்புச் சக்கை, நம் பக்கத்து மல்லாட்டைத் தோல் முதலியவற்றை உலர்த்தி, அரைத்து, இயந்திரத்தில் பேரழுத்தத்தில் சுண்டுவிரல் பருமனுள்ள துண்டுகளாகப் பிழிந்தெடுப்பது. பசை ஏதும் தேவையில்லை. அழுத்தத்தில் எழும் சூட்டில், மரப்பொருளில் இயற்கையாகவே உள்ள லிக்னின் என்னும் பொருள் இளகித் துகள்களைப் பிணைத்துவிடுகிறது. அடுப்பின் அடியில் சிறு விசிறி ஒன்று காற்றூதும்.

அடுப்பு வந்த மாதமே சிக்கலும் வந்தது. ஒரு மாதம் வருமென்று எண்ணிய ஐம்பது கிலோ மூட்டை பதினேழு நாளில் தீர்ந்தது. மகளின் தேர்வுக் கட்டணத்துக்கென எடுத்து வைத்த பணத்தில் அடுத்த மூட்டை வாங்க வேண்டியதாயிற்று. "ஹஜ்ரத், இந்த அடுப்பை யாருக்காவது வித்துக் கொடுத்துடுங்க" என்றார். "கொஞ்சம் பொறும்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். என் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு, பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு அவ்வீட்டுக்குச் சென்றேன். நான் கலைப் பட்டம் பெற்றவன், விஞ்ஞானி அல்லன். ஆயினும் கண்ணிருப்பவர்க்குத் தெரியும் குறைகளே அங்கிருந்தன.

மூட்டை சிமெண்டுத் தரையில் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. ஐப்பசி மழையில் சுவர் கசிந்து, அடியிலிருந்த பெல்லட் ஊறிப் பொலபொலத்திருந்தது. அடுப்பின் வாய்வரை எரிபொருள் நிரப்பப்பட்டிருந்தது. விசிறி முழு வேகத்தில் ஓட, மஞ்சள் சுவாலை பாத்திரத்தின் விலாவெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. மூடி வளைந்து, ஆவி ஒரு பக்கம் சீறியது. இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. ஓட்டைப் பானையில் நீர் தங்குமோ?

முதலாவது, ஈரம். நல்ல பெல்லட்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருத்தலாகாது. ஈரம் இருபது விழுக்காடானால், ஒரு கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம் என்று பொருள். அந்நீரை ஆவியாக்கவும் நம் எரிபொருளே செலவாகிறது. எனவே மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூடியுள்ள டிரம்மில் கொட்டி வைத்தால் இன்னும் நன்று. ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் நலம். நசுங்கி உதிர்ந்தால் ஈரம் ஏறிவிட்டது. அடியில் தங்கும் தூளைச் சலித்து நீக்குங்கள். தூள் துண்டுகளின் இடைவெளியை அடைத்துக்கொண்டால் காற்று புகாது. காற்றில்லா நெருப்பு புகையும்.

இரண்டாவது, அளவு. இவ்வகை அடுப்பில் பற்ற வைத்தபின் கேஸ் அடுப்பைப்போல் திருகி நிறுத்த இயலாது. போட்டது எரிந்தே தீரும். ஆகவே ஓர் ஈடு வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையே அளந்து போடுங்கள். ஒரு டம்ளரை அதற்கென ஒதுக்கி, எத்தனை டம்ளருக்கு எத்தனை ஈடு வேகிறது என்று மூன்று நாள் குறித்து வந்தாலே கணக்குப் பிடிபட்டுவிடும். உட்சுவரின் மேற்பகுதியில் காற்று வரும் துளைகள் இருக்கும். அவற்றை மூடும்படி நிரப்பக் கூடாது. கீழிருந்து வரும் சிறிதளவு காற்று பெல்லட்டை வாயுவாக்குகிறது. மேல்துளைகளின் காற்றே அவ்வாயுவை எரிக்கிறது. துளைகள் அடைபட்டால் எரிய வேண்டிய வாயு புகையாய்ப் போகும். அது கண்ணுக்கும் கேடு, காசுக்கும் கேடு. பற்ற வைப்பதும் மேற்புறத்திலேதான். காய்ந்த தென்னம்பாளைச் சிம்புகள் நாலைந்து போதும். சூடான அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, காற்று. சுவாலை நிலைபெறும்வரை விசிறி வேகமாக ஓடட்டும். தண்ணீர் கொதித்ததும் குறைத்துவிடுங்கள். இதைத் தாய்மார்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். முப்பது பாகையிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான வெப்பம், அதே நீரை முழுவதும் ஆவியாக்கச் செலவாகிறது. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் திறந்த பாத்திரத்தில் நீரின் சூடு ஒன்றே. வேகமாகக் கொதிக்க விடுவதால் சோறு விரைவில் வேகாது. ஆவிதான் விரைவில் போகும். ஆவியில் வேகும் இடியாப்பத்துக்கும் இது பொருந்தும். தட்டுகளைச் சுற்றி ஆவி நிறைந்தால் போதுமானது. வெளியே சீறும் ஆவி யாருக்கும் உணவாவதில்லை. மூடி இறுகப் பொருந்தட்டும்.

நான்காவது, பாத்திரம். அகன்ற தட்டையான அடி வேண்டும். சுவாலை அடியில் அடங்கி நிற்க வேண்டும். விலாவைத் தாண்டி மேலெழுந்தால் அது அறையைத்தான் சூடாக்குகிறது. அடியில் படியும் கரி, சூட்டைத் தடுக்கும் போர்வை; வாரம் ஒருமுறையேனும் தேய்த்துவிடுங்கள். சாம்பலை நாள்தோறும் தட்டி, அடித்தட்டின் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பருப்பையும் கடலையையும் இரவே ஊறவையுங்கள்.

ஐந்தாவது, தணல். சுவாலை அடங்கியதும் வேலை முடிந்தது என்று தணலைக் கொட்டிவிடுகிறோம். பிரியாணிக்குத் தம் போடும் நம் இல்லங்களுக்குத் தணலின் அருமையைச் சொல்லித்தர வேண்டுமோ? முதலில் அதிகச் சூடு தேவைப்படும் வேலை, அடுத்துக் குழம்பு, கடைசித் தணலில் பாலோ குளிக்கும் வெந்நீரோ என்று வரிசைப்படுத்திக் கொண்டால் ஒரே ஈட்டில் மூன்று காரியம் முடியும். ஆனால் தணல் கனியும் அடுப்பை ஒருபோதும் கதவடைத்த அறைக்குள் வைத்துவிடாதீர்கள். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு அதிலிருந்து வெளியாகும். உறங்குபவர் எழாமலே போகலாம். குளிருக்காகவும், கொசுவுக்காகவும் இத்தவற்றைச் செய்வோர் உண்டு.

இனி, இந்த அடுப்பு வந்த வரலாற்றையும் அறிந்துகொள்ளுங்கள். அதிலும் நமக்கொரு பாடம் இருக்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ்.முகுந்தாவும் அவர் குழுவினரும் வகுத்த தொழில்நுட்பத்தைக் கொண்டு, பி.பி. நிறுவனம் 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பை இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ நான்கு இலட்சம் அடுப்புகள் விற்றன. 2009இல் அது ஃபர்ஸ்ட் எனர்ஜி என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் விவசாயக் கழிவைத் தொழிற்சாலைக் கொதிகலன்களும் விரும்பி வாங்கத் தொடங்கவே, பெல்லட் விலை ஏறியது. பல வீடுகளில் அடுப்பு பரணுக்குப் போயிற்று. நிறுவனமும் பின்னர் உணவகச் சமையலின் பக்கம் திரும்பியது. பாடம் யாது? அடுப்பின் விலையை விசாரிக்கும்முன் பெல்லட் எங்கே கிடைக்கும், எத்தனை கடைகளில் கிடைக்கும், மழைக்காலத்திலும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒரே கடையை நம்பி அடுப்பு வாங்காதீர்கள்.

தரத்தையும் பாருங்கள். இந்தியத் தர அமைவனம் 2013இல் திருத்திய ஐ.எஸ். 13152 என்னும் தர அளவின்படி, விசிறியுள்ள அடுப்பு தன் வெப்பத்தில் குறைந்தது 35 விழுக்காட்டையும், விசிறியில்லாத அடுப்பு 25 விழுக்காட்டையும் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். மூன்று கல் அடுப்பிலோ பத்து முதல் பதினைந்து விழுக்காடு சேர்ந்தாலே அதிகம்.

யாருக்கு இது இலாபம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலையைச் செய்ய, நன்கு கையாளப்படும் அடுப்பில் சற்றேறக்குறைய ஐந்து கிலோ பெல்லட் தேவைப்படும். உங்கள் ஊரில் ஐந்து கிலோ பெல்லட்டின் விலையையும் ஒரு கிலோ கேஸின் விலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். வீட்டுச் சிலிண்டர் தடையின்றிக் கிடைக்கும் சிறு குடும்பத்துக்கு மிச்சம் பெரிதாய் இராது. சில இடங்களில் நட்டமாகவும் முடியலாம். வணிகச் சிலிண்டர் வாங்க வேண்டியவர்கள், விற்பனைக்குச் சமைப்பவர்கள், நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்கள், மாணவர்க்குச் சமைக்கும் மதரஸாக்கள், இன்னும் விறகுப் புகையில் வாடும் இல்லங்கள் ஆகியோரே இதனால் பயனடைவர். வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஊதுகுழலும் கையுமாய் அடுப்பருகே குந்தியிருந்த என் தாயாரின் சிவந்த கண்களை நினைக்கும்போது, அந்த எண்ணிக்கை எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

அச்சகோதரியின் வீட்டில் என்ன நடந்தது? பழைய டிரம் ஒன்று தேடிக் கொடுத்தோம். மூடியை ஈயம் பூசுபவரிடம் கொடுத்துத் தட்டி நேராக்கினார். டம்ளர்க் கணக்கு எழுதும் பொறுப்பை மக்தப் மாணவனான மகன் ஏற்றுக்கொண்டான். அடுத்த மூட்டை இருபத்துநான்கு நாள் வந்தது. முப்பது நாள் வரவில்லை. அது தொடக்கத்தில் போட்ட தவறான கணக்கு. ஆயினும் ஏழு நாள் எரிபொருள் மிச்சமாயிற்று. தேர்வுக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முந்திய நாளில் கட்டிவிட்டதாக மகள் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

இஸ்ராஃப் என்றால் விருந்திலும் உடையிலும் செய்யும் ஆடம்பரம் மட்டுமே என்று எண்ணியிருக்கிறோம். ஏழை வீட்டிலும் அறியாமையால் விரயம் நேரலாம். அங்கேதான் அதன் வலி அதிகம். வுளூச் செய்யும் நீரிலும் அளவு பேண வேண்டுமென்று பயின்ற சமுதாயம் நாம். அந்தப் பேணுதல் அடுப்பங்கரை வாசலோடு நின்றுவிடலாமா? ஆண்களே, ஒரு நாளேனும் அடுப்படியில் நின்று பாருங்கள். மூட்டையைத் தூக்கிப் பலகை மேல் வைப்பது உங்களால் ஆகாத காரியமன்று.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், வேறொரு செய்தியோடு சந்திப்போம். நம் இல்லங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.