வெள்ளம் தாங்கும் நெல்லும் உழவரின் கணக்கும்

புதிய ரகம் வந்தாலும் சிறு விவசாயிகள் பழையதை விடமாட்டார்கள் என்பது வேளாண் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் குறை. இதை நாம் ஏற்கவில்லை. ஒடிசாவின் கடலோர மாவட்டங்களில் நடந்தது இதற்கு நேர்மாறானது.

அங்கே நிலைபெற்ற நெல் சுவர்ணா. ஆந்திரத்தின் மாருட்டேறு ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் வெள்ளத்தில் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கினால் பயிர் அழுகிப் போகும். ஒடிசாவின் பழைய நாட்டு நெல் வழியில் வந்த வெள்ளம் தாங்கும் மரபணுவைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் சுவர்ணாவில் சேர்த்தது. 2009-ல் இந்தியாவில் வெளியான சுவர்ணா சப்-1 இரண்டு வாரம் வரை நீருக்குள் கிடந்தாலும் பிழைத்துத் துளிர்க்கும்.

உழவர்கள் இதைக் கையிலெடுக்கத் தயங்கவில்லை. ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் அது அவர்களுக்குப் பழகிய சுவர்ணாவேதான். அதே வயது, அதே அரிசி. வியாபாரியிடம் புதிதாகப் பேரம் பேச வேண்டியதில்லை. வீட்டிலேயே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் வராத ஆண்டிலும் மகசூல் குறையாது. விளைச்சல் கூடும் என்ற ஒரே வாக்குறுதியோடு வரும் ரகங்கள் இத்தனை கேள்விகளுக்கும் பதில் சொல்வதில்லை.

பாலசோர், பத்ரக் மாவட்டங்களில் ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த விவசாயிகளுக்கு 5 கிலோ விதைப்பை கொடுத்துப் பார்த்தார்கள். 10 நாள் மூழ்கிய வயல்களில் சுவர்ணாவைவிட மகசூல் சுமார் 45 சதவீதம் கூடியது. அடுத்து நடந்தது அதைவிட முக்கியமானது: வெள்ளப் பயம் தணிந்ததும் அவர்கள் உரத்துக்குக் கூடுதலாகச் செலவிட்டார்கள், நெல் பரப்பை விரித்தார்கள், விதை தூவுவதைக் குறைத்து நாற்று நடவுக்கு மாறினார்கள். கையிருப்பை இழந்துவிடுவோமோ என்ற அச்சம்தான் அதுவரை அவர்கள் கையைக் கட்டியிருந்தது, அறியாமை அல்ல. நீர் தேங்கும் தாழ்ந்த நிலங்கள் பட்டியல் சாதியினரிடம் அதிகம் இருந்ததால், இந்த நெல்லால் கூடுதல் பயன் பெற்றவர்களும் அவர்களே. அறிவியல் இவ்வளவு நேராக ஏழையின் வயலுக்குப் போய்ச் சேர்வது அரிது.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. டெல்டாவின் நெடுநாள் சம்பா ரகமான சி.ஆர். 1009-க்கும் இதே மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் நாகையிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் கடைமடை வயல்கள் மூழ்குவது நாம் ஆண்டுதோறும் காணும் துயரம். பயிர் அழுகிய பிறகு கணக்கெடுத்து நிவாரணம் தருவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. மூழ்கும் வயல்கள் எவை என்பது ஒவ்வோர் ஊரிலும் தெரியும். அவற்றில் பாடுபடும் சிறு விவசாயிக்கு, பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகைதாரர் உட்பட, முதல் விதைப்பையை அரசு இலவசமாகத் தர வேண்டும். அதுவும் சம்பா நாற்றங்கால் தயாராகும் முன்பே வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.